சத்தியநேசன் தனியே மலைக்குப் போனது

"பின்பக்கம் கோழி கத்துது. நீரு கோழி இல்லங்கீரு!" என்றார் சத்தியநேசன்.

"கோழி உண்டு சார். சாருக்குத்தான் இல்ல" என்று சொல்லி, ராஜையன் ஒரு தம்ளர் வெந்நீரை மேசைமேல் வைத்தார்.

சத்தியநேசன் தம்ளரைப் பார்த்தார். கல்லாற்றில் பஸ்ஸை விட்டு இறங்கி, நடந்தே மேலே வந்திருந்தார். புல் வேய்ந்த இந்த மலைச் சத்திரத்துக்குக் காவலும் சமையலும் ராஜையன்தான். அவர் மிளகு போட்டு வறுக்கும் கோழியைப் பற்றி சத்தியநேசன் வேலை பார்க்கும் அரசாங்கத் தலைமை அலுவலகமான ஹஜூர் கச்சேரியில் குமாஸ்தாக்கள் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். வழியெல்லாம் சத்தியநேசனுக்கு அந்த நினைப்புதான். இயற்கைக் காட்சிகளை வயிறு நிறைந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்.

"எனக்கு மட்டும் இல்லன்னா என்னவே அர்த்தம்?"

"சார் உபவாசம்லா?"

"யாரு சொன்னா?"

"சாருக்க வீட்டம்மாதான். சாமான் வாங்க சாலைக் கடைத்தெருவுக்கு வந்தப்பம் சர்ச்சுக்கும் வந்தேன்லா. 'அவிய மூணு நாளும் ஒண்ணும் தொடமாட்டாவ ராஜையா, நீருதான் கெஞ்சி வெந்நி குடுக்கணும், சாயங்காலம் கொஞ்சம் கஞ்சித்தண்ணி'ன்னு சொன்னாவ. சொல்லும்போ பாவம், கண்ணு கலங்கிச்சு."

சத்தியநேசன் பெஞ்சில் உட்கார்ந்தார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து லீலாபாய் இந்த மலையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பூஜை லீவு வந்தால் கேட்பாள். அவரும் ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் வைத்திருந்தார். முதலில் அட்டை. பிறகு ஆனை. இரண்டுக்கும் அவள் பயப்படுகிறவள் அல்ல என்று தெரிந்ததும், அங்கே வீசுகிற காற்று பெண்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டார். இந்த வருஷம் அவருக்குத் தனியாகப் போகவேண்டும் போலிருந்தது. நடக்க வேண்டும், சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், யாரோடும் பேசக் கூடாது. இதை இப்படியே சொன்னால் அவள் பெட்டியை எடுத்து வைத்துவிடுவாள். அதனால் வேறு மாதிரி சொன்னார்.

"தனிச்சிருந்து ஜெபிக்கணும் லீலா. மனசு ஒரு நிலையில இல்ல."

"நானும் வந்து ஒரு ஓரமா இருந்து ஜெபிக்கேனே."

"ரெண்டு பேரானா அது கூட்டம். தனி ஜெபம்னா தனியாத்தான்."

"அப்பம் சரி, போயிட்டு வாங்க" என்றாள்.

ஒரு கேள்வியும் எழுதப்படாமல் மேலே போய்விட்ட ஃபைலைக் கண்டால், இருபது வருஷக் குமாஸ்தா சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவர் சந்தோஷப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை போதகர் ஆராதனையில் எழுந்து, நம் சகோதரர் சத்தியநேசன் தனி ஜெபத்துக்காக மலைக்குப் போகிறார் என்று அறிவித்தார். சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர் அடக்கமாகத் தலை குனிந்தார். சபைக் காரியங்களைக் கவனிக்கும் டீக்கன் பதவிக்கு அடுத்த மாதம் தேர்தல். அவரும் நிற்கிறார். அந்தக் குனிவுக்கே பாதிச் சபை வாக்குப் போடும் என்று தோன்றியது. ஜெபத்தோடு உபவாசத்தையும் லீலாபாய் சேர்த்து அனுப்பியது அப்போது அவருக்குத் தெரியாது.

இப்போது கோழி கேட்டுச் சாப்பிட்டால், ராஜையன் அடுத்த தடவை சாமான் வாங்க இறங்கும்போது செய்தியும் கூடவே இறங்கும்.

சத்தியநேசன் வெந்நீரைக் குடித்தார்.

மறுநாள் மலையுச்சி வரை நடப்பதென்று கிளம்பினார். இரண்டாவது வளைவில் ஒரு பாறையில் உட்கார்ந்து கண்ணை மூடினார். திறந்தபோது எதிரே, ராஜையன் சொல்லிக் கேள்விப்பட்டு வந்த தேயிலைத் தோட்டத்து ஆட்கள் நாலைந்து பேர் முழங்காலில் இருந்தார்கள். ஒருவருக்கு முதுகுவலி. ஒருத்தியின் புருஷன் குடிக்கிறான். ஒரு கிழவருக்குக் குறிப்பாக எதுவும் இல்லை, எதற்கும் இருக்கட்டும் என்று வந்திருந்தார். எல்லோருக்காகவும் ஜெபித்துவிட்டு அவர் சத்திரத்துக்குத் திரும்பினால் வாசலில் இன்னும் பத்துப் பேர்.

அன்று சாயங்காலம் பக்கத்து அறையில் தங்கியிருந்த ஓவர்சியருக்காக ராஜையன் கோழி வறுத்தார். ஜெபத்துக்கு இடைஞ்சலாக மணம் போகக் கூடாது என்று சத்தியநேசனின் கதவைச் சாத்திவிட்டார். ஜன்னலை மறந்துவிட்டார்.

மூன்றாம் நாள் முற்பகல், கீழே பாதையில் பெண்களின் பேச்சுக் கேட்டது. முன்னால் வந்தவள் லீலாபாய். அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. பின்னால் பெண்கள் சங்கத் தலைவி தாசம்மாளும் சங்கத்தார் நாலு பேரும்.

"நீ எங்க இங்க?"

"உங்க உபவாசத்த முடிச்சு வைக்கத்தான். அத ஒத்தையில முடிக்கக் கூடாதாம். தாசம்மாக்கா சொன்னாவ."

"அட்டை கடிச்சிருக்குமே?"

"கடிச்சிச்சு. உப்பு கொண்டு வந்தோம்."

"இந்தக் காத்து உனக்கு..."

"கொள்ளாம், நல்ல காத்து. உங்களுக்குத்தான் ஒத்துக்கல போல. கன்னம் ஒட்டிப் போச்சே."

அவர்கள் துணிப்பைகளை அவர் அறையில் வைத்துவிட்டு உச்சியைப் பார்க்கப் போனார்கள். அவர் பைகளுக்குக் காவல் இருந்தார். மேலிருந்து சிரிப்புச் சத்தம் நெடுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது எல்லோருக்கும் நல்ல பசி. ராஜையன் ஒரு பெரிய சட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்து மூடியை எடுத்தார். மிளகும் கறிவேப்பிலையும் கருகின வாசனை.

"ரெண்டு கோழி. அம்மா அன்னைக்கே சொல்லி வச்சிருந்தாவ" என்றார்.

சத்தியநேசன் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். லீலாபாயை நன்றியோடு பார்த்தார். அந்த நிமிஷம் அவளை எந்த மலைக்கு வேண்டுமானாலும் கூட்டிப்போயிருப்பார்.

"அண்ணே" என்றாள் தாசம்மாள், "சாயங்காலம் ஆனாத்தான மூணு நாள் முழுசாவும்?"

"அது... உள்ளதுதான். ஆனா முடிச்சு வைக்கத்தான வந்திய?"

"முடிச்சு வைப்போம்" என்றாள் லீலாபாய். "சாயங்காலம் கஞ்சி வச்சுத் தருகேன். வெறும் வயித்துல கறி ஆகாது. இப்பம் பாதியில விட்டா சபையில என்ன பேசுவாவ? தேர்தல் வேற வருது."

"டீக்கனாவப் போறவிய" என்றாள் தாசம்மாள். "நாங்க சாப்பிடுதோம். நீங்க ஜெபம் மட்டும் பண்ணுங்க அண்ணே. உங்க வாயால கேக்கணும்னுதான் இம்மட்டும் ஏறி வந்தோம்."

எல்லோரும் தலை குனிந்து கண்களை மூடினார்கள். சத்தியநேசன் ஆரம்பித்தார். மழைக்காக ஜெபித்தார். சபைக்காக, சங்கத்துக்காக, தோட்டத்து ஜனங்களுக்காக ஜெபித்தார். விதவைகளுக்கு வந்தபோது ஒரு கண்ணைத் திறந்தார். ஒருவர் கண்ணும் திறந்திருக்கவில்லை. சட்டியின் விளிம்பில் ஒரு கால் துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் குரலை உயர்த்தி, கடலில் பிரயாணம் பண்ணுகிறவர்களுக்காக உருக்கமாக ஜெபித்துக்கொண்டே மெதுவாக வலக்கையை நீட்டினார்.

லீலாபாய், மூடிய கண்ணைத் திறக்காமலே, சட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.