கன்னி மூலையில் ஒரு சொட்டுச் சந்தனம்

நன்னிலத்தில் நடவுக்கு ஆள் கிடைக்காது. ஆனால் கணினியானந்தர் வீட்டு வாசலில் மட்டும் பொழுது விடியும் முன்பே கூட்டம் முண்டியடிக்கும், கக்கத்தில் ஆளுக்கொரு புது லேப்டாப்போடு. வீட்டுக்குக் கன்னி மூலை இருப்பதுபோல லேப்டாப்புக்கும் உண்டாம். கீபோர்டின் இடப்பக்கக் கீழ் மூலையில் சாமி தன் கையாலேயே ஒரு சொட்டுச் சந்தனம் வைப்பார். காணிக்கை ஒரு மூட்டை பொன்னி அரிசி. பணத்தைச் சாமி தொடமாட்டார். அரிசியை விற்றுவரும் மச்சினன் தொடுவார்.

அரசப்பனும் போனார். அவர் மகள் எழில்மொழி மண்வளத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவள். பழைய லேப்டாப் பஸ்ஸில் திருடு போனதால், புதியதில் சிஸ்டம் ஏற்றும்போதே மொத்த டிஸ்க்கையும் பூட்டிவிட்டாள். கடவுச்சொல் சரியாக இருந்தால்தான் அது கண்ணே திறக்கும். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் அதற்குள் இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் அதை அனுப்பியாக வேண்டும். அவள் குளிக்கப்போன நேரம் பார்த்து அப்பா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சந்தனத்தோடு திரும்பி வந்த லேப்டாப் கடவுச்சொல்லை ஏற்கவில்லை. திரையில் விழுவதெல்லாம் வெறும் புள்ளிகள், என்ன தட்டினோம் என்றே தெரியாது. லேப்டாப் விற்ற கடைக்காரரைக் கேட்டால், கடவுச்சொல் மறந்திருந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்ற வேண்டியதுதான் என்றார். எழில்மொழிக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு கோபம் வந்தது. அவள் எதையும் மறக்கவில்லை.

அப்பா அவளைச் சாமியிடம் இழுத்துப் போனார். சாமி கண்ணை மூடினார்.

"டிஸ்க்குல ராகு உக்காந்துட்டான்மா. அமாவாசைக்கு இன்னொரு மூட்டையோட வாங்க. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு எறக்கிடலாம்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. எழில்மொழி அக்கம்பக்கம் விசாரித்தாள். அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் இரண்டாவது மூட்டையோடு வந்தவர்கள். அத்தனை பேருக்கும் சந்தனம் வைத்த பிறகுதான் ராகு வந்திருக்கிறான். அடடா, என்ன பொறுப்பான கிரகம்!

எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் கமருன்னிஸாவிடம் போய்த் தனிக் கீபோர்டு ஒன்றை இரவல் வாங்கி வந்தாள். எல்லார் கண்முன்னாலும் அதை லேப்டாப்பில் செருகி, அதே கடவுச்சொல்லைத் தட்டினாள். லேப்டாப் திறந்துகொண்டது. பிறகு லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டிலேயே தன் பெயரை ஆங்கிலத்தில் அடித்துக் காட்டினாள். அத்தனையும் பெரிய எழுத்தாக விழுந்தது. கொண்டை ஊசியால் சந்தனத்தைச் சுரண்டி முகர்ந்து பார்த்தாள்.

"இது சந்தனம் இல்லீங்க, பசைங்க. ஷிப்ட் கீயை அமுக்கியே ஒட்டி வச்சிருக்கு. நான் சின்ன எழுத்து அடிச்சா பெரிய எழுத்தாத்தான் உள்ள போகும். எலுமிச்சைச் சாறு பட்டா பசை எளகிடும், ராகுவும் எறங்கிடுவான்."

சாமி சட்டென்று நிஷ்டையில் ஆழ்ந்தார். கூட்டத்திலிருந்த தங்கையன் கிட்டே போய் அந்தத் தாடிக்குள் உற்றுப் பார்த்தார்.

"அட, நம்ம குணசேகரன். தேர்தலுக்குத் தேர்தல் போஸ்டர் ஒட்டுவானே!"

ஊக்கும் கொண்டை ஊசியுமாக ஊரே உட்கார்ந்து கீபோர்டைச் சுரண்ட ஆரம்பித்தது. சாமியும் மச்சினனும் கொல்லைப்புறமாக வாய்க்காலில் இறங்கி ஓடினார்கள். எழில்மொழி அங்கேயே உட்கார்ந்து ஆய்வேட்டை அனுப்பிவிட்டுத்தான் எழுந்தாள். அப்பா அந்த இரவல் கீபோர்டைப் பயபக்தியோடு இரண்டு கையாலும் ஏந்தினார்.

"ஏம்மா, இவ்வளவு சக்தி இருக்கே, இதுக்கு எந்தச் சாமி சந்தனம் வச்சாரு?"

கேட்டீர்களா கதையை! அரிசி போனால் அடுத்த போகத்தில் விளைந்துவிடும். மூளையில் ஒட்டிய இந்தப் பசையை எந்த ஊசியால் சுரண்டுவது? கொஞ்சம் யோசியுங்கள் ஐயா, யோசிக்க நல்ல நேரம் பார்க்க வேண்டியதில்லை.