முதலாளிக்கு மேலே யார்?

"எல்லாரையும் சேர்த்துக்குது, முதலாளியை மட்டும் சேர்த்துக்க மாட்டேங்குது அண்ணே," என்றாள் புரோகிராமர், அழாத குறையாக.

டீ டம்ளரோடு வந்த முதலாளியின் டிரைவர் எட்டிப் பார்த்தார். "ஏன், அதுக்கும் அவரைப் புடிக்கலையா?"

ஆபீஸில் லீவு கேட்க அவள் எழுதிய புரோகிராம் அது. 'ஊழியர்' என்றால் என்ன என்று அதற்கு அவள்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள்: பெயர், பதவி, மேலதிகாரி. மூன்றில் ஒன்று காலியாக இருந்தாலும் அந்த ஆள் ஊழியரே இல்லை. வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை சமர்த்தாக உள்ளே போய்விட்டார்கள். முதலாளிக்கு மேலதிகாரி என்று யாரைப் போட்டுத் தொலைப்பது? இன்று சாயங்காலத்துக்குள் இது ஓடாவிட்டால் வேலை நிரந்தரம் ஆகாது, மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"அவருக்கு மேல அவரையே போட்டுடும்மா," என்றார் டிரைவர்.

போட்டாள். முதலாளி பெயரில் சோதனைக்கு ஒரு லீவும் கேட்டாள். அதை மேலதிகாரிக்கு அனுப்பப் போன புரோகிராம், லீவு கேட்டவரே அங்கேயும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து இன்னும் மேலே போனது. அங்கேயும் முதலாளி. அதற்கும் மேலே முதலாளி. செக்குமாடாகச் சுற்றியதில் ஆபீஸ் முழுக்க கம்ப்யூட்டர்கள் உறைந்துபோயின.

"யாரும்மா அது கையை வெச்சது?" என்று நாலா பக்கமும் கூச்சல்.

பதறிப்போய், அப்போதைக்கு ஒரு பெயர் இருக்கட்டும் என்று மேலதிகாரி இடத்தில் தன் பெயரையே தட்டிவிட்டாள். என்ன ஆச்சரியம், எல்லாம் ஜோராக ஓட ஆரம்பித்தது!

சாப்பிட்டுவிட்டு வந்தால் திரையில் ஒரு விண்ணப்பம்: முதலாளி, ஒரு வாரம் லீவு. நம்ம சோதனை லீவுதானே என்று 'நிராகரி' பொத்தானை அழுத்தினாள்.

முதலாளி அறைக் கதவு படாரென்று திறந்தது. காதில் போனோடு வெளியே பாய்ந்தார்.

"என் கம்பெனியில எனக்கே லீவு இல்லையாம்! என்ன அநியாயம் இது! யாரு வேண்டாம்னு சொன்னது?"

போச்சு, வேலை போயே போச்சு.

"சார், தெரியாம... இதோ, இப்பவே குடுத்துடறேன் சார்!"

பொத்தானை அழுத்தப் போனவளின் மவுஸைப் பிடுங்கிக்கொண்டு டிரைவர் கிசுகிசுத்தார்.

"அடப் பாவி, காரியத்தைக் கெடுத்துடாதே! போன்ல இருக்கறது அவர் சம்சாரம். மாமியார் வீட்டுக்குப் போகாம இருக்க, தனக்கு மேல ஒருத்தர் இல்லையேன்னு இத்தனை வருஷமா ஏங்கிட்டிருந்த மனுஷன்மா அவரு!"