பஃபலோ ஜட்ஜும் நானும்

சட்டப் புத்தகத்தைக் கையாலும் தொடாமல் ஒரு கட்டடத்தையே ஆண்ட நீதிபதி உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் பஃபலோ ஜட்ஜ்.

ஊரில் கறுப்புக் கோட்டுப் போட்டு வழக்காடியவன் நான். அவரோ பஸ் கொண்டக்டர்; எல்லாருக்கும் 'அண்ணை'. தொண்ணூறுகளில் இருவரும் கனடாவுக்கு வந்து, ஸ்காபரோவில் ஒரே மாடிக் கட்டடத்தில் விழுந்தோம். எல்லைக்கு அப்பால் இருக்கும் பஃபலோவின் தொலைக்காட்சி எங்கள் அன்ரெனாவில் நன்றாக விழும். ஒருநாள் அதில் ஒரு அமெரிக்க மாநில நீதிபதி, பெண்சாதி பிள்ளைகளோடு சிரித்தபடி வோட்டுக் கேட்டார். அண்ணை துள்ளி எழும்பினார்.

"உவர் முதல் ஊர்ச்சபை மெம்பர், பிறகு மாநிலச் சபை, இப்ப ஜட்ஜ். எல்லாம் சனம் போட்ட வோட்டு! அப்ப எனக்கென்ன குறை?"

அடுத்த ஞாயிறே கட்டடத்தின் உடுப்புத் தோய்க்கும் அறையில் கை உயர்த்தச் சொல்லி வாக்கெடுத்து, கவிழ்த்த கூடையொன்றில் ஜட்ஜாக அமர்ந்துவிட்டார்.

மற்றவரின் ஈர உடுப்பை மெஷினிலிருந்து தூக்கி வெளியே போட்டதுதான் அங்கே பெரிய வழக்கு. "அவவின்ர உடுப்பை நீ மடி, உன்ர உடுப்பை அவ மடிக்கட்டும்" என்பார். மடித்து முடிய இருவரும் சிரிப்பார்கள். எனக்கு வயிறு பற்றி எரியும். என் மனைவியே, "எதுக்கும் அண்ணையிட்ட ஒருக்காக் கேட்டுட்டு வாறன்" என்று போனால் எரியாதா?

பிறகு, கனடாவில் இருந்த எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவர் தேர்தல் வந்தது. "எலெக்சன் கேக்கிற ஜட்ஜ் முதல் கதிரையை விடவேணும், தம்பி. அங்க சில மாநிலத்தில உதுதான் முறை" என்று பதவி விலகினார். தோற்றால் திரும்பி வந்துவிடுவார்; வென்றால் கூடை எனக்கு! பிக்கரிங், ரெக்ஸ்டேல் என்று ஊர்ச்சனம் இருந்த இடமெல்லாம் பனிக்குள் அலைந்து அவருக்கு வோட்டுக் கேட்டேன். "கூடப்பிறந்தவனும் இப்பிடிச் செய்யான்" என்று கண்கலங்கினார். நான் அடுத்த வீட்டு மணியை அடித்தேன்.

அவர் வென்றார். நான் கூடையில் ஏறினேன்.

முதல் வழக்கு: நாலாம் மாடிக்காரரின் வெள்ளைச் சேட்டெல்லாம் றோஸ் நிறமாகிவிட்டது. மெஷினுக்குள் யாரோ சிவப்புச் சீலையை விட்டிருந்தார்கள். அரைமணி நேரம் சட்டம் பேசி, உள்ளே பார்க்காமல் போட்டவரே குற்றவாளி என்று தீர்த்தேன். சீலை என் மனைவியுடையது. அதை நான் சொல்லவில்லை.

நாலாம் மாடிக்காரர் கத்திக்கொண்டு தலைவரிடம் அப்பீல் போனார். நானும் பின்னால் போனேன். சீலை யாருடையது என்று வெளிவந்தால் என் மானம் போய்விடும்.

அண்ணை எல்லாவற்றையும் கேட்டார். "லோயர் படிச்ச மனிசன். அவர் சொன்னாச் சொன்னதுதான். நீர் கவலைப்படாதையும், உந்த றோஸ் சேட்டில ஒண்டை எனக்குத் தாரும், நான் போடுறன்" என்றார். நாலாம் மாடிக்காரர் போனபிறகு என் காதுக்குள் குனிந்தார்.

"தம்பி, உம்மட மனிசியின்ர சீலையை எனக்குத் தெரியாதோ? வீட்டு வழக்கை இனி வேற ஆளிட்ட விடும்."

அடுத்த சங்கக் கூட்டத்தில் அந்த றோஸ் சேட்டோடு தலைவர் கதிரையில் இருந்தார். சேட்டின் கை முழங்கையோடு நின்றுவிட்டது, வயிற்றில் பொத்தான் பூட்டவில்லை. அந்த மண்டபத்தில் அவரைவிட வடிவான மனிசன் ஒருவரும் இல்லை; அதற்கும் பொறாமைப்பட்டேன்.