முப்பத்தைந்து முடிந்திருக்கணும்

"உங்க வீட்டுக்காரருக்கு என்ன வயசும்மா?" என்று புதிதாக வந்திருந்த பங்குத்தந்தை கேட்டார்.

அழகு நிலையத்துக்காரி பழக்கதோஷத்தில், "முப்பத்தொண்ணு ஃபாதர்" என்றாள்.

தனக்கு முப்பது என்று சொல்லித்தான் வீட்டு முன்னறையில் அவள் கடை ஓடியது. தன் வயதில் ஆறைக் குறைத்தவள், கணக்கு உதைக்கக் கூடாதென்று தையல்காரக் கணவரின் வயதிலும் ஆறைக் கழித்திருந்தாள்.

"அடடா! கல்யாணமானவர் திருத்தொண்டர், அதாவது பூசையில எனக்குத் துணையா நிக்கற டீக்கன், ஆகணும்னா முப்பத்தஞ்சு முடிஞ்சிருக்கணுமே. திருச்சபைச் சட்டம். இவர் குரலுக்கு நல்லாப் பொருந்தும்னு வந்தேன். கேட்டா, 'என் வயசெல்லாம் அவளைத்தான் கேக்கணும்'ங்கறார்."

மூலையில், தையல் மெஷினில் இருந்தவர் நீளமாகப் பெருமூச்சு விட்டார். அவள் மனசு கரைந்துவிட்டது. மனுஷனுக்கு எவ்வளவு ஆசை!

"வாய் தவறிடுச்சு ஃபாதர். முப்பத்தேழு!"

மெஷின் நின்றது.

"உங்களுக்கும்மா?"

நாற்காலியில் முகமெல்லாம் பசையும் கண்மேல் வெள்ளரித் துண்டுமாக வாடிக்கைக்காரி ஒருத்தி சாய்ந்திருந்தாள். காது மட்டும் திறந்திருந்தது.

"முப்பது."

"பொண்ணுக்கு?"

"பத்து. வளர்த்தி கொஞ்சம் அதிகம்."

"பதினாலு ஃபாதர்!" என்று உள்ளேயிருந்து மகள் கத்தினாள்.

பங்குத்தந்தை விரல் விட்டு எண்ணினார். முகம் மாறியது. "பதினாறு வயசுல பிள்ளையா? சின்னப் பொண்ணைக் கட்டினவரை நான் எப்படிப் பீடத்துல நிறுத்துவேன்?"

"ஐயோ, அப்படியில்ல! அது... தத்தெடுத்த பிள்ளை."

"அம்மா!" மகள் வெளியே பாய்ந்து வந்தாள். "கண்ணாடியில பாரு. மூக்கு அப்படியே உன்னுது!"

ஃபாதர் எழுந்துவிட்டார். அவள் கணவரின் குனிந்த தலையைப் பார்த்தாள். கடை போனால் போகட்டும்.

"எனக்கு முப்பத்தாறு! போதுமா?"

வெள்ளரித் துண்டு ஒன்று தரையில் விழுந்தது. "முப்பத்தாறா? எனக்கே முப்பத்துநாலுதான்டி! இத்தனை நாளா என்னை அக்கா அக்கான்னு கூப்பிட்டியே, பாவி!"

ஃபாதர் சிரித்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்தார். "அப்ப எல்லாம் சரி. இனிமே மனைவியோட சம்மதம் ஒண்ணுதான் பாக்கி."

"முழுச் சம்மதம் ஃபாதர்!" என்று கணவரைப் பெருமையாகப் பார்த்தாள்.

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "போச்சுப்பா! 'ஃபாதர்கிட்ட மாட்டேன்னு சொல்ல பயமா இருக்கு, ஆனா உங்கம்மா உயிரே போனாலும் நிஜ வயசைச் சொல்ல மாட்டா, நான் தப்பிச்சேன்'னு சொன்னியே!"

தையல்காரர் கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல், செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.