இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் ஒன்று

அல்சூர், பெங்களூரு
ஜனவரி 19

மதிப்பிற்குரிய சண்முகம் மாமா அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் கவியரசன் எழுதுவது. பொம்மனஹள்ளி வீட்டில் பிரபா அக்கா நலம், நானும் நலம், வாஷிங் மெஷினின் டிரையர் மட்டும் ஜூன் மாதத்திலிருந்து நலமில்லை. மஸ்கட்டில் உங்கள் உடம்பும் ரத்த அழுத்தமும் நன்றாக இருக்க வேண்டும், முக்கியமாக இதைப் படித்து முடிக்கும்வரை. வாட்ஸாப்பில் சொன்னால் பாதியிலேயே போன் போட்டுக் கத்துவீர்கள். அதனால் காகிதத்தில் எழுதி, லீவு முடிந்து அங்கே திரும்பும் உங்கள் ரூம்மேட்டிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் பட்டத்தைத் தொட்டுவிட்டேன்.

‘செட்டிங் எல்லாம் முடிச்சாச்சு, நான் வர்ற வரைக்கும் எவனும் கை வைக்கக் கூடாது’ என்று மே மாதம் ஏர்போர்ட்டில் சொல்லிவிட்டுப் போனீர்கள். பிப்ரவரி எட்டாம் தேதி உங்கள் பட்டக் குழு கூடுகிறது, போன வருடம் அத்தனை பேர் முன்னாலும் அது பதினோரு முறை விழுந்தபோது பிரேசர் டவுன் தியோடர் அண்ணன் ‘பெங்களூர் குளிர்காலக் காத்துக்குப் பன்னெண்டு சதுர மீட்டர் துணியா? போத்திக்கிட்டுத் தூங்கு சண்முகம்’ என்றது உங்களுக்கு இன்னும் ஆறவில்லை, அதற்காக நீங்கள் போட்டிருக்கும் லீவே அவர் வாயை அடைப்பதற்குத்தான் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் பையைத் திறந்தேன். சும்மா பார்க்கத்தான். நாலு கயிறு இருந்தது. பட்டத்தைத் தாங்கி இழுக்கும் தடித்த கயிறு இரண்டு, அதன் பின்விளிம்பை இழுத்துப் பிடிக்கும் மெல்லிய பிரேக் கயிறு இரண்டு. தடித்த கயிறுகளில் கைப்பிடியோரம் முடிச்சுகள் இருந்தன, இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் ஒன்று. நான் அளவுக் கருவிகளைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். இடமும் வலமும் சமமில்லாத எதைப் பார்த்தாலும் எனக்குக் கை அரிக்கும். படித்த மனுஷன் இப்படியா கட்டுவார் என்று வாய்விட்டே சொன்னேன், மன்னிக்கவும். ஆபீஸ் பழக்கத்தில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, ஊசியால் நாலு முடிச்சையும் அவிழ்த்தேன். பத்து நிமிட வேலை. அவிழ்த்த கயிறுகளை அளந்துபார்த்தாயா என்று கேட்பீர்கள். இல்லை. கயிறு இருபது மீட்டர், அக்கா வீட்டு ஹால் நாலு மீட்டர்.

ஜனவரி நாலாம் தேதி ஞாயிறு காலை, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி லேஅவுட்டுக்குக் கொண்டுபோனேன். காற்று மணிக்கு எட்டு கிலோமீட்டர், மீட்டர் வைத்துப் பார்த்தேன். பட்டம் புஸ்ஸென்று ஊதிக்கொண்டு எழுந்தது, என் தலை உயரம் வந்தது, அப்புறம் எதையோ வீட்டில் மறந்து வைத்துவிட்டது போலப் பின்னால் நகர்ந்து, பொத்தென்று உட்கார்ந்தது. திரும்ப எழுப்பினேன், திரும்ப உட்கார்ந்தது. லேஅவுட் வாட்ச்மேன் கோவிந்தப்பா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே வந்து போட்டுக்கொண்டார்.

‘இன்னா சார், பெட்ஷீட் காயப்போடறீங்களா?’

‘பட்டம்ங்க இது. பவர் கைட்.’

‘பவர் எங்க சார் கீது?’

அடக்கமில்லாததை அடக்க வேண்டும் என்று பிரேக்கை இன்னும் இறுக்கினேன். இன்னும் சீக்கிரமாக உட்கார்ந்தது. அடுத்த ஞாயிறு, காற்று போதவில்லை என்றால் நானே உண்டாக்குகிறேன் என்று பின்பக்கமாக ஓடினேன், ஓடிய இடத்தில் சாக்கடைக்குத் தோண்டி வைத்திருந்த பள்ளம் இருந்தது. கோவிந்தப்பாதான் கையைக் கொடுத்துத் தூக்கினார். ‘பேடா சார், வேணாம், பட்டத்துக்கு முன்னாடி நீங்க பறக்கறீங்க’ என்றார்.

அந்தப் பள்ளத்தில் கிடந்தபோதுதான் மூளை வேலை செய்தது. தடித்த கயிறு நீளமாகிவிட்டால் பிரேக் கயிறு தானாகவே இறுகிவிடும். இறுகிய பிரேக்கோடு இளங்காற்றில் பட்டம் முன்னால் ஓடாது, பின்னால்தான் உட்காரும். தடித்த கயிற்றில் முடிச்சு போட்டால் அது குறுகும், பிரேக் தளரும். அப்படியானால் நான் அசிங்கம் என்று அவிழ்த்த அந்த நாலு முடிச்சுதான் நீங்கள் சொன்ன செட்டிங். பொங்கல் லீவு முழுக்க போட்டோவை வைத்துக்கொண்டு, மில்லிமீட்டர் பிசகாமல் திரும்பப் போட்டேன். அவிழ்க்கப் பத்து நிமிடம், போட நாலு நாள்.

நேற்று அது எழுந்தது, மாமா. ஒரு பிளாஸ்டிக் கவர்கூட நகராத காற்று. என் பி.ஜி. அறையைவிடப் பெரிய துணி, சத்தமே போடாமல் ஏறி, என் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து நின்றது. வெயில் அதன் வழியாகச் சிவப்பாக வந்து என் சட்டையில் விழுந்தது. கயிறு மட்டும் மெல்ல முனகியது. நின்ற இடத்தில் மூன்று கிலோதான் இழுத்தது. காற்றில் எட்டு போட்டு ஓட்டியதும் இருபத்தேழு கிலோ. வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்கு என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான், ஆனால் என் குதிகால் தரையைவிட்டுக் கிளம்பியபோதுதான் அதை நம்பினேன். காற்று கொடுத்தது ரொம்பக் கொஞ்சம். அது ஓடி ஓடித் தனக்கு வேண்டிய காற்றைத் தானே உண்டுபண்ணிக்கொள்கிறது. கோவிந்தப்பா நாற்காலியைவிட்டு எழுந்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அப்புறம் அது என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய் அவர் நாற்காலியோடு சேர்த்து மணல் குவியலில் போட்டது. ஒரு கால் போயிற்று, நாற்காலிக்கு. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ‘இன்னொரு தபா வுடுங்க சார்’ என்றார்.

இத்தனை நாள் உங்களை அக்காவைக் கட்டிக்கொண்டவர் என்ற அளவில்தான் மதித்தேன். இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் ஒன்று என்பதை எத்தனை காலைகள் விழுந்து எழுந்து கண்டுபிடித்தீர்களோ, என் ஆபீசில் எந்தப் பெரிய இன்ஜினியருக்கும் அந்தப் பொறுமை இல்லை. முடிச்சுகள் இருந்த இடத்தில் இருக்கின்றன. எட்டாம் தேதி தியோடர் அண்ணன் அண்ணாந்து பார்ப்பார். இனி நீங்கள் சொல்லாமல் பையின் ஜிப்பைக்கூடத் தொட மாட்டேன், இது சத்தியம்.

உங்கள் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் ஒரு குறையும் வராமல் முருகன் காக்கட்டும். வணங்கி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
கவியரசன்

பின்குறிப்பு, ஜனவரி 25: உங்கள் ரூம்மேட் கிளம்புவது ஒரு வாரம் தள்ளிப்போனதில், அக்கா இதை வாங்கிப் படித்துவிட்டாள். படித்துவிட்டு அரை மணி நேரம் சிரித்தாள்.

‘அந்த முடிச்சு நான் போட்டதுடா. டிரையர் நின்னதுலேர்ந்து துணி சொட்டச் சொட்ட வருது. தடிக் கயிறா ரெண்டு உருவி, பால்கனியில அஞ்சாறு மடிப்பாக் கொடி கட்டினேன். தொங்கித் தரையைத் தொட்டுச்சுன்னா ஒரு முடிச்சு போடுவேன். நீ வர்றேன்னா சுத்தி எடுத்து வெச்சிடுவேன்.’

‘அது என்ன இடப்பக்கம் மூணு, வலப்பக்கம் ஒண்ணு?’

‘ஒரு கயித்துல என் துப்பட்டா. இன்னொண்ணுல வாராவாரம் நீ மூட்டை கட்டிட்டு வந்து போடுற ஜீன்ஸ்.’

ஈரத் துணியின் பாரத்தில் கயிறு எவ்வளவு நீண்டதோ அவ்வளவையும் தின்று, இரண்டு பக்கமும் சமமாக அதற்கு மேலும் கொஞ்சம் தின்றிருக்கிறது அவள் முடிச்சு. மேலே உங்களைப் பற்றி எழுதியதை எல்லாம் அக்கா பெயர் போட்டுப் படித்துக்கொள்ளவும். நீங்கள் மே மாதம் வைத்த செட்டிங் எது என்று இனி யாருக்கும் தெரியாது, பதினோரு முறை விழுந்தபோது இருந்ததும் அதேதான் என்பது என் அபிப்பிராயம். நேற்று என் ஜீன்ஸ் இரண்டு காய்ந்ததில் கயிறு மறுபடி தொய்ந்தது, அக்கா இடப்பக்கம் நாலாவது முடிச்சு போட்டாள். இன்று காலை ஜிப்பைத் திறந்து பறக்கவிட்டுப் பார்த்தேன். போன வாரத்தைவிட நேராக ஏறுகிறது.

வந்ததும் டிரையரை ரிப்பேர் பண்ண ஆள் கூப்பிடுகிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். எட்டாம் தேதி முடியட்டும்.