பறவை பார்க்கப் போன மாப்பிள்ளை

சின்னதுரை என்கிற பேர்வழி தன் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று வேணுகோபால் தீர்மானம் செய்தார். திருச்சியில் குடைக்கடை வைத்திருப்பவர் அவர். மழை பெய்கிற மாதங்களில் வியாபாரம் செய்வார். மற்ற மாதங்களில் தீர்மானம் செய்வார். அவர் செய்யும் தீர்மானங்கள் பெரும்பாலும் சாயங்காலக் காபிக்குள் கரைந்துவிடும். இது மட்டும் மூன்று வருஷமாகக் கெட்டியாக நின்றது.

சின்னதுரை அவர் மனைவி தனத்தின் அத்தை மகன். கட்டிக்கொள்ளும் முறை உள்ளவன். கீழப்பழுவூரைத் தாண்டி, பெரிய ஏரிக்கரையில் இருக்கிற ஊர் அவர்களுடையது. தனத்தை அவனுக்குக் கொடுப்பதாகத்தான் முதலில் பேச்சு இருந்ததாம். ஜாதகம் ஒத்துவராமல் போனதால் குடைக்கடைக்கு யோகம் அடித்தது. இதை யாரோ ஒரு புண்ணியவான் கல்யாணப் பந்தலிலேயே வேணுகோபால் காதில் ஓதி, அதோ போகிறான் பாருங்கள் என்று கையையும் காட்டிவிட்டுப் போனான். சாம்பார் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஒரு முதுகு போய்க்கொண்டிருந்தது. முகம் தெரியவில்லை. அந்த முதுகு அன்றிலிருந்து வேணுகோபால் மனசில் தினம் தினம் அகலமாகிக்கொண்டே வந்தது.

தலை தீபாவளிக்கு மாமனார் வீட்டிலிருந்து அழைப்பு வந்தபோது வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டார். அடுத்த பொங்கலுக்குப் பல்வலி. அதற்கடுத்த திருவிழாவுக்கு என்ன வலி என்று அவருக்கே முடிவு செய்ய முடியாமல், பொதுவாக உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினார். கல்யாணத்துக்குப் பிறகு அந்த ஊர்ப் பக்கமே அவர் போகவில்லை.

தனமாவது சும்மா இருந்தாளா? கத்தரிக்காய் வதக்கினால், துரை மச்சானுக்கு இது ரொம்பப் பிடிக்கும் என்பாள். வேணுகோபால் கத்தரிக்காயை விட்டார். முருங்கைக்காயும் அப்படியே போயிற்று. ரசத்தில் யாருக்கும் பங்கு இருக்காது என்று நம்பி ரசத்துக்கு வந்து சேர்ந்தார். துரை மச்சான் ரசத்தைக் கையில் வாங்கியே குடித்துவிடுவாராம்.

மார்கழியில் தனம் ஒரு சங்கதி சொன்னாள். சின்னதுரையின் பெண்சாதி சாந்தாவுக்கு ஏழு மாசம். முதல் பிள்ளை ஊரிலேயே பிறந்து தங்காமல் போய்விட்டது. இந்தத் தடவை முன்கூட்டியே திருச்சிக்குப் போய், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும் என்று அரியலூர் டாக்டர் சொல்லிவிட்டார். டவுனில் அவர்களுக்குத் தனத்தை விட்டால் வேறு யாரும் இல்லை.

ரேஷன் அரிசி தின்கிற காலத்தில் விருந்தாளியா என்று கேட்டார் வேணுகோபால். அரிசியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றாள் தனம். இடம் போதாது என்றார். இரண்டு ரூம் போதும் என்றாள். சாக்கெல்லாம் தீர்ந்து போய், கடைசியில் உள்ளே இருந்தது வெளியே வந்தது.

"அந்த ஆளு இங்க வரக் கூடாது. அவ்வளவுதான்."

தனம் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அழவில்லை. எதிர்த்துப் பேசவும் இல்லை. அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள். கொஞ்சம் அனுபவம் உள்ள புருஷனாக இருந்தால் அந்த இடத்தில் பயந்திருப்பான். வேணுகோபால் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

தை பிறந்தது. திருச்சியில் பென்ஷன் வாங்குகிற சிலர் சேர்ந்து ஓர் உல்லாசப் பயண சங்கம் நடத்தினார்கள். அந்தச் சங்கத்தின் நோட்டீசு ஒன்றைத் தனம் எங்கிருந்தோ கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை, கீழப்பழுவூருக்கு அப்பால் உள்ள ஏரிக்கு பஸ் போகிறது. தேசம் விட்டுத் தேசம் வந்து இறங்கும் பறவைகளைப் பார்க்கலாம். கூடவே வந்து விவரம் சொல்ல ஒரு வழிகாட்டியும் உண்டு.

"எங்க ஊரு ஏரிதாங்க. கல்யாணத்துக்கு முன்ன பாத்தது. போவலாமா?" என்றாள் தனம்.

"வழிகாட்டி யாரு?"

"பேரு போடல. ஆனா எங்க ஊருல துரை மச்சான் இல்லாம ஒண்ணும் நடக்காது."

போதாதா? அந்த முதுகு ஏரிக்கரையில் நின்று கழியை நீட்டி நீட்டிப் பறவை காட்டுவதும், தனம் பக்கத்தில் நின்று வாயைப் பிளந்து கேட்பதும் வேணுகோபால் கண்ணெதிரே ஓடியது. விசாரித்துக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பினார். விசாரித்ததில், பெண்களுக்கு இடம் இல்லை என்று தெரிந்ததாம். அப்படித்தான் தனத்திடம் சொன்னார். தான் மட்டும் போய்வந்து எல்லாம் விவரமாகச் சொல்வதாகவும் வாக்களித்தார்.

அவருக்குப் பறவை எதற்கு? அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். மாறுகண்ணாக இருக்கலாம். பல் நீட்டிக்கொண்டிருக்கலாம். இரண்டில் ஒன்று இருந்தால்கூடப் போதும், இனிமேல் ஒவ்வொரு கத்தரிக்காய்க்கும் பதில் சொல்லிவிடலாம். யாரும் அடையாளம் கண்டுபிடிக்காமல் இருக்க ஒரு துரைமார் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வாங்கினார். பக்கத்துக் கடைக்காரரிடம் தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்றை இரவல் பெற்றார். தான் வருவது ஊரில் தெரிய வேண்டாம், அவர்களுக்கு வீண் சிரமம் என்று தனத்திடம் சொல்லிவைத்தார். நான் எதற்குச் சொல்லப் போகிறேன் என்றாள் அவள்.

உலகச் சண்டை முடிந்தும் பெட்ரோல் வந்தபாடில்லை. அடுப்புக்கரியில் ஓடும் பஸ் அது. புகையைக் கக்கிக்கொண்டு லால்குடியைத் தாண்டவே அதற்கு மூச்சு வாங்கியது. பின்பக்கம் பெண்களுக்கென்று போர்வையால் திரை கட்டியிருந்தார்கள். திரைக்குப் பின்னால் வளையல் சத்தமும் சிரிப்பும் கேட்டன. பெண்களுக்கு இடம் இல்லை என்று சொன்ன வாய் வேணுகோபாலுடையது. அதனால் அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை, தொப்பியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு டிரைவரையே பார்த்தபடி வந்தார்.

ஏரி வந்தது. இந்தக் கரையிலிருந்து பார்த்தால் அந்தக் கரை தெரியவில்லை. தண்ணீரே தெரியாதபடி பறவைகள். பஸ் புகையைக் கக்கி நின்ற சத்தத்தில் பாதி ஏரி எழுந்து வானத்தில் சுற்றியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். வேணுகோபால் மட்டும் முகம் தேடினார். அப்போது திரை விலகி, பச்சைப் புடவை ஒன்று பஸ்ஸிலிருந்து இறங்கியது.

"நீ எங்க இங்க?"

"பொம்பளைங்களுக்கு ஏன் எடம் இல்லைன்னு சங்கத்து செக்ரட்டரி சம்சாரத்துகிட்ட கேட்டேங்க. அப்படி யாரும் சொல்லலையேன்னு ஒரு சீட்டு குடுத்தாங்க."

அவள் குரலில் கோபம் துளிக்கூட இல்லை. அதுதான் வேணுகோபாலை என்னவோ செய்தது. பதில் யோசிப்பதற்குள் கரைமேல் ஒரு கூட்டம் வந்துவிட்டது. தனத்தின் சித்தி ரத்தினம்மாள் முன்னால் வந்தாள்.

"வாங்க மாப்பிள்ளை. வயித்துவலி இப்பத்தான் வுட்டுதா?"

தொப்பி கூட்டத்தில் ஒரு கைக்குப் போயிற்று, கறுப்புக் கண்ணாடி இன்னொரு கைக்குப் போயிற்று. தூரதிருஷ்டிக் கண்ணாடியை மட்டும் அவர் விடாமல் பிடித்துக்கொண்டார். பறவை பார்க்க வந்ததாகச் சொல்லிப் பார்த்தார். பறவை எங்கேயும் போகாது, மாப்பிள்ளைதான் போய்விடுகிறார் என்றாள் ரத்தினம்மாள். மூன்று வருஷ விருந்து பாக்கி இருந்தது. மாப்பிள்ளையை வெயிலில் நிற்கவைப்பது ஊருக்கே கேவலம். தனத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அவள் ஊர்ப்பெண், இஷ்டப்படி போகலாம். வெற்றிக் கொடியை வீசாத குறையாக அவள் கரைமேல் நடந்து போவதை அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

மாமனார் வீட்டில் பலகை போட்டு உட்கார்த்தினார்கள். மாப்பிள்ளைக்குத் துணையாக இரு என்று மாமியார் ஒருவரிடம் சொன்னாள். கொழுகொழுவென்று, எப்போதும் பாதி சிரிப்போடு இருக்கிற ஆள் அவர். கைக்குத் தண்ணீர் ஊற்றினார். இலை போட்டார். விசிறினார். ஊரே மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று காதைத் துளைத்துக்கொண்டிருக்க, அவர் ஒருவர்தான் வாய் நிறைய அண்ணே என்றார். அதிலேயே வேணுகோபாலுக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

மாமனார் வீட்டில் சாப்பிட்டு எழுந்தால், ரத்தினம்மாள் வீட்டில் கை நனைக்காமல் போனால் எப்படி? ரத்தினம்மாள் வீட்டில் சாப்பிட்டால், பெரிய மாமனார் வீடு என்ன பாவம் செய்தது? ஒரு வீட்டை விட்டால் பழைய பங்காளிச் சண்டை மறுபடி கிளம்பிவிடும் போலிருந்தது. பெரிய மாமனார் வீட்டில் கொல்லைப்புறமாக நழுவப் பார்த்தார். கொல்லைக் கதவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு சித்தி பாயசத்தோடு நின்றாள். அந்த நெருக்கடியில் அண்ணே என்றவர்தான் கைகொடுத்தார். யாரும் பார்க்காதபோது வடைகளைத் தன் இலைக்கு மாற்றிக்கொண்டு, சத்தமில்லாமல் தின்று தீர்த்தார். கூடப் பிறந்த தம்பிகூட இதைச் செய்ய மாட்டான் என்று வேணுகோபால் நெகிழ்ந்து போனார்.

மத்தியானத்துக்கு மேல் காற்று வாங்குகிற சாக்கில் இருவரும் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். வேணுகோபால் தூரதிருஷ்டிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். பறவைகள் மேலெல்லாம் அவசரமாக ஓடி, பச்சைப் புடவையில் வந்து நின்றது கண்ணாடி. பச்சைப் புடவைக்குப் பக்கத்தில் காக்கிக் கோட்டுப் போட்ட ஒரு முதுகு.

அதேதான். முகம் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முதுகு கையை நீட்டி என்னவோ காட்டியது. தனம் சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பொத்தாமல் சிரித்தாள். திருச்சியில் இந்த மூன்று வருஷத்தில் அவள் ஒரு நாளாவது அப்படிச் சிரித்ததில்லை. வயிறு முட்டச் சோறு இருந்தும் வேணுகோபாலுக்கு உள்ளே எரிந்தது. அவமானமாக இருந்தது. அழுகைகூட வரும்போல இருந்தது.

"அந்தச் சின்னதுரை எப்படிப்பட்ட ஆளு?" என்று கேட்டுவிட்டார்.

பக்கத்தில் இருந்தவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அவனா? சோம்பேறிங்க. திம்பான், தூங்குவான். பொண்டாட்டி ஒரு அதட்டல் போட்டா நடுங்குவான்."

தாகத்துக்கு மோர் கிடைத்தது போலிருந்தது வேணுகோபாலுக்கு. அப்படிப்பட்டவனுக்குத்தான் வீட்டில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார்.

"தெரியுங்கண்ணே. அவனுக்கு வருத்தம்தான். ஆனா உங்களைத் தப்பா நெனைக்கல."

இது வேணுகோபாலுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பேச்சை மாற்றி, நீங்கள் ஒரு தடவை திருச்சிக்கு வர வேண்டும் என்றார். தனக்கும் அங்கே காரியம் இருப்பதாகவும், ஒன்றிரண்டு மாசம் தங்க நேரும் என்றும், சம்சாரமும் கூட வருவாள் என்றும், தங்க இடம்தான் அமையவில்லை என்றும் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். வேணுகோபால் முடிக்கவிடவில்லை. தன் வீடு எதற்கு இருக்கிறது என்றார். அப்புறம் மனசு மாறிவிட்டால் என்று அவர் இழுத்ததும் வேணுகோபாலுக்கு ரோஷம் வந்துவிட்டது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே இறங்கி, கூடத்தில் அத்தனை பேர் நடுவில் நின்றார்.

"இவரும் இவரு சம்சாரமும் எத்தனை நாளானாலும் எங்க வூட்டுலதான் தங்கணும். இது என் வாக்கு."

மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தன் பெருந்தன்மை ஒரு ஊரையே இப்படி உருக்கும் என்று வேணுகோபால் எதிர்பார்க்கவில்லை.

பொழுது சாய பஸ் புறப்பட ஆயத்தமாயிற்று. பெண்கள் பாதிப் பேர் திரையை ஒதுக்கிவிட்டு அவரவர் வீட்டுக்காரருடன் உட்கார்ந்தார்கள். தனமும் வந்து உட்கார்ந்தாள். வெயிலில் முகம் கறுத்து, கண் மின்னியது. கூழைக்கடாவைப் பார்த்தாளாம், செங்கால் நாரையைப் பார்த்தாளாம். ஒரே நேரத்தில் ஆயிரம் வாத்து தலையை முக்கியதாம்.

"உன் துரை மச்சான் நல்லா காட்டினானாக்கும்."

"காட்டினது அரியலூர் பள்ளிக்கூடத்து ராசாங்கம் வாத்தியாருங்க. அறுபது வயசு. அவரு ஒவ்வொரு பறவை மாதிரியும் கத்திக் காட்டுனா சிரிக்காம என்ன பண்றது?"



"அப்ப அவன் எங்க?"

"நாள் பூரா உங்களுக்கு எலை போட்டது யாருன்னு நெனச்சீங்க?"

"அவரு பேரே சொல்லலையே."

"நீங்க கேக்கலையே. அதோட, மொத வார்த்தையே அண்ணேன்னுதானே கூப்புட்டிருப்பாரு? இந்த ஊருல மத்தவங்களுக்கெல்லாம் நீங்க மாப்பிள்ளை. என்னைக் கட்டிக்கிற முறை இருக்கறவங்களுக்குத்தான் அண்ணன். பச்சைப்புள்ளைக்குக்கூட இது தெரியுமே."

தெரிந்திருக்க வேண்டியதுதான். யார் யாருக்கு என்ன முறை என்று மூன்று வருஷமாக வெந்துகொண்டிருந்தவருக்கு, முறை வந்து எதிரில் உட்கார்ந்து வடை தின்றபோது அடையாளம் தெரியவில்லை. பஸ்ஸின் பின்படியில் ஏதோ நடமாட்டம். சின்னதுரை ஒரு மூட்டையை உள்ளே தள்ளிவிட்டு, வாயும் வயிறுமாக நின்ற பெண்ணைக் கைப்பிடித்து மெல்ல ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் வேணுகோபாலைப் பார்த்துக் கும்பிடப் பார்த்தாள். ஊரே வழியனுப்பக் கரையில் நின்றது.

முடியாது என்கிற வார்த்தை தொண்டைவரை வந்தது. அந்தப் பெண்ணைப் பார்த்ததும் உள்ளே இறங்கிவிட்டது. ஆனாலும் புருஷன் என்று ஒருவன் இருக்கிறான் என்பதற்காகவாவது எதையாவது சொல்லித்தானே ஆக வேண்டும்?

"ரெண்டு ரூமுல நாலு பேரு எப்படிப் படுக்கறது?"

அதையெல்லாம் தனம் எப்போதோ யோசித்து முடித்திருந்தாள்.

"உள் ரூமுல நானும் சாந்தாவும் படுத்துக்கறோம். முன் ரூமுல நீங்களும் துரை மச்சானும். பாய்தான் மிச்சம் ஒண்ணே ஒண்ணு இருக்கு, ரெண்டு பேரும் கொஞ்சம் ஒட்டிப் படுத்துக்குங்க."