முதன்மை அலைக்குப் பிறகு மூன்று நிமிடம்

"செவ்வாய், மதியம் 1.42. நெய்வேலி, மாமனார் குவார்ட்டர்ஸ் வாசல். நில அதிர்வு. கால அளவு: சுமார் நான்கு விநாடி. உயிர்ச்சேதம்: இன்னும் தெரியவில்லை."

என் சட்டைப்பைக் குறிப்பேட்டில் உள்ள பதிவு இது. எழுத்து கோணல். நான் எழுதியவற்றில் இதைவிட வெட்கக்கேடான வரி வேறில்லை.

அன்று எனக்குத் திருமணமாகி ஒன்பதாம் நாள். தஞ்சாவூர்க்காரனான நான், மனைவி மலரோடு மாமனார் வீட்டில் முதல் விருந்துக்கு உட்கார்ந்திருந்தேன். மாமனார் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் இயந்திரம் ஓட்டுபவர். நைட் ஷிஃப்ட் என்பதால் வீட்டில் இருந்தார். பத்தாம் வகுப்பு படிக்கும் மச்சினி செல்வி, "மாமா, பூமியோட அடுக்கெல்லாம் மனசுல நிக்கவே மாட்டேங்குது" என்றாள்.

எனக்கு அது போதும். சாப்பாட்டு மேசையில் இருந்த பண்ருட்டிப் பலாவை வைத்தே பாடம் நடத்தினேன். முள்தோல்தான் புவிமேலோடு, சுளை கவசம், நடுத்தண்டு புவிக்கரு. மேலோடு ஒரே துண்டல்ல. பல தட்டுகளாக உடைந்து மெல்ல நகர்கிறது. தட்டுகள் உரசி விலகினால் நிலநடுக்கம். முதலில் வருவது முதன்மை அலை, வேகமானது, லேசானது. பின்னால் வரும் இரண்டாம் நிலை அலைதான் வீட்டைச் சாய்ப்பது.

"அப்ப நாங்க தோண்டறது எதுல வருது மாப்ள?" என்றார் மாமனார்.

"மேலோட்டுலதான் மாமா. முள்ளு நுனியைக்கூட இன்னும் தாண்டல."

(வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் தோண்டிக்கொண்டிருப்பவரிடம் சொல்கிற பேச்சா இது?)

அவர் பதில் சொல்வதற்குள் தரைக்கு அடியிலிருந்து உள்ளங்காலில் ஓர் உதை விழுந்தது. ஜன்னல் கண்ணாடிகள் கடகடத்தன. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

"முதன்மை அலை! பெரிசு இனிமேதான் வரும்!" என்று கத்தினேன்.

மேசைக்கடியில் புக வேண்டும் என்று நான்கு புத்தகங்களில் படித்திருக்கிறேன். என் கால்கள் எதையும் படித்திருக்கவில்லை. அடுத்து நினைவிருப்பது, நடுத்தெருவில் வெறுங்காலுடன், சுளை ஒட்டிய கையுடன் நான் நிற்பது. தனியாக.

இரண்டு அலைகளுக்கும் இடைவெளி நீள நீள, மையம் அவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பொருள். எண்ணத் தொடங்கினேன். பத்து விநாடியில் மையம் கடலூரைத் தாண்டிக் கடலில் இறங்கியது. ஒரு நிமிடத்தில் நடுக்கடல். மூன்று நிமிடத்தில் சுமத்ரா, தட்டின் மேல் தட்டு ஏறும் இடம். அப்படியானால் சுனாமி! தெருவில் ஒருவர்கூட ஓடி வரவில்லை. வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதிதான் என்னை உறைய வைத்தது. மலர் உள்ளே இருக்கிறாள். போய் இழுத்து வரவேண்டும். கால் நகரவில்லை. கை மட்டும் குறிப்பேட்டை எடுத்து மேற்படி பதிவை எழுதியது.

எதிர்வீட்டு அம்மா வேலிச் செடிக்குத் தண்ணீர் விட்டபடி கேட்டார்: "ஊருக்குப் புதுசா தம்பி?"

பின்னால் மாமனார் வந்தார்; அவர் பின்னால் சிரிப்போடு வீடே வந்தது. "பிளாஸ்டிங் மாப்ள. மண்ணு இளக வெடி வைப்பாங்க. டெய்லி இந்நேரம்தான்." சற்று நிறுத்தி, "முள்ளு நுனியிலதான்" என்றார்.

"சாப்ட்டுகினு இருந்த புள்ளய இப்படியா பயமுறுத்தறது? முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்றார் மாமியார்.

மலர் மட்டும் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த குறிப்பேட்டை வாங்கிப் படித்தாள். கடைசி வரியில் அவள் கண் நின்றது.

"உயிர்ச்சேதம் தெரியலன்னா உள்ள வந்து பாக்கறதுதானே? எழுதிகினு நிக்கிறீங்க?"

பதினோரு வருடமாகிறது. இன்னும் எங்கள் ஊரில் இடி இடித்தாலே மாமனாரிடமிருந்து போன் வரும்: "மாப்ள வெளிய வந்தாச்சா? மத்தவங்க?"

ஒன்று பாக்கி. நான் கத்தியதும் மலர் நாற்காலியைத் தள்ளிவிட்டு என் பின்னால் இரண்டடி ஓடி வந்தாள் என்கிறாள் செல்வி. பிறந்தது முதல் அந்த வெடியைக் கேட்டு வளர்ந்தவள், ஒரு நொடி என்னை நம்பிவிட்டாளாம். ரசம் எடுக்க எழுந்தேன் என்கிறாள் மலர். அவள் எழுந்தது உண்மை, இருவருமே ஒப்புக்கொள்கிறார்கள். எதற்காக எழுந்தாள் என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.